நின்றுபோன ஜாவா

“அக்கா, இந்த வண்டிய விக்கவும் பயமா இருக்குது, வச்சிக்கவும் பயமா இருக்குது.”

உமர் பாரூக் இதைச் சொன்னபோது அவன் கையிலிருந்த ஸ்பேனர் நடுங்கிற்று. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் அவனுக்கு ஒரு கீற்றுக்கொட்டகை. கேட்பாரற்றுக் கிடக்கும் வண்டிகளை வாங்கி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து விற்பதுதான் தொழில். நாலு கடைக்கு வாய் பேசுகிற ஆள், அன்றைக்கு எச்சில் விழுங்கவே யோசித்தான்.

“மொதல்ல ஸ்பேனரக் கீழ வை. கால் மேல போட்டுக்கப் போற,” என்றாள் ஜெயம்மாள்.

கோர்ட்டில் வருஷக்கணக்காக டைப் அடித்து, ஊரார் கூண்டில் ஏறிச் சொன்ன பொய்களை எல்லாம் மூன்று நகல் எடுத்து அலுத்துப்போய், தானே துப்பறியக் கிளம்பியவள் ஜெயம்மாள். அவளுடைய உதவியாளன் கொளஞ்சியப்பன் கொட்டகை வாசலில் நின்றபடி, ஒரு மருந்துப் பாட்டிலைக் கவிழ்த்து உச்சந்தலையில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாடா அது?”

“வெளக்கெண்ணக்கா. தேய்ச்சா முடி மொளைக்குமாம்.”

“யாரு சொன்னா?”

“வெளக்கெண்ண விக்கிறவருதான்.”

உமருக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை நடுவே நின்ற மோட்டார் சைக்கிளையே பார்த்தான். மெரூன் நிற ஜாவா. அவன் வாங்கியபோது டூல் பாக்ஸில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. சைலன்சருக்குள் எலி குடித்தனம். டேங்குக்குள் மண்ணெண்ணெயும் சரளைக்கல்லும் போட்டுக் குலுக்கித் துருவை எடுத்தான். ரிம்மைச் சாம்பல் போட்டுத் தேய்த்தான். இப்போது முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படிப் பளபளத்தது.

“வண்டி யாருதுன்னு மறுபடி சொல்லு. கொளஞ்சி காதுலயும் வுழட்டும்.”

“நைனார்பாளையத்து வீரமுத்துதுக்கா. மலையில சாமை, கடுக்கா வாங்கியாந்து கீழ விக்கிற யாவாரி. ஆறு வருஷம் முன்னால வெள்ளிமலைக்குப் போனவரு வூடு திரும்பல. வண்டி மட்டும் சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷன்ல நின்னுக்கினு இருந்திச்சி. ரயிலேறி பம்பாய் போய்ட்டாரு, அங்க ஒருத்திய வச்சிக்கினு இருக்காருன்னு ஊரே பேசிச்சி. அவரு அண்ணன் செல்லமுத்து வண்டிய மாட்டு வண்டியில ஏத்தியாந்து கொட்டாயில தள்ளிட்டாரு. இப்போ வீரமுத்து சம்சாரம் கமலாக்கா, ‘இதப் பாக்கப் பாக்க வயிறு எரியுதுப்பா, எடுத்துக்கினு போயிடு’ன்னு எனக்கு வித்துட்டாங்க.”

“நீ எஞ்சினத் தெறந்த.”

“தெறந்தேன்.” உமர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கந்தல் துணியில் சுற்றியிருந்த ஒரு பொருளைப் பிரித்தான். பிஸ்டன். பக்கவாட்டில் பூனை பிறாண்டியதுபோல் நெடுகக் கோடுகள். “சிலிண்டரோட ஒட்டிக்கினு கெடந்திச்சிக்கா. சீஸ்.”

அந்தக் கடைசிச் சொல்லை அவன் கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல் சொன்னான்.

“எங்க தொழில்ல இந்த வார்த்தைய வெளிய வுடக்கூடாது. ஒருவாட்டி சீஸ் ஆன எஞ்சின்னு காதுல வுழுந்தா ஒருத்தனும் வாங்கமாட்டான். எம் பொஞ்சாதி ஷர்புன்னிசாவுக்கே சொல்லல.”

“ஏன் ஒட்டிக்கிச்சி?”

“புல்லட் மாதிரி இல்லக்கா இது. டூ ஸ்ட்ரோக். பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஊத்தணும். எங்க அத்தா காலத்துல ஆயில் கெடைக்காட்டி வெளக்கெண்ணயக்கூட ஊத்துவாங்க. வெறும் பெட்ரோல மட்டும் ஊத்தமாட்டாங்க. ஊத்தினா கொஞ்ச தூரம் ஓடும், அப்பறம் சூடேறி அப்பிடியே புடிச்சிக்கும். இதப் பாருங்க, எண்ணெ கண்ட தடமே இல்ல. இத எடுத்துட்டு வேற பிஸ்டன் போட்டுத்தான் வண்டிய ஓட வச்சேன்.”

“வருஷக்கணக்கா இதே வண்டிய ஓட்டின வீரமுத்து அப்பிடி ஊத்தியிருப்பாரா?”

“தூக்கத்துலகூட ஊத்தமாட்டாரு.”

“ஆக, கடைசியா இத ஓட்டினது வேற ஆளு.”

“அதத்தான் டீக்கடையில வாய வச்சிக்கினு சும்மா இல்லாம சொல்லிப்புட்டேன்!” உமர் தலையில் அடித்துக்கொண்டான். “எஞ்சினத் தெறந்ததும் தெரிஞ்சிபோச்சி, கடைசியா ஓட்டினது வீரமுத்து இல்லன்னு. எப்பிடிடான்னு கேட்டாங்க. சொல்லல. சொன்னா வண்டி வெல போயிடுமே!”

“கேட்டது யாரு?”

“செல்லமுத்து புல்லட்ட நிறுத்திட்டு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. ஜீப் ஓட்டற மாயவன் இருந்தாரு. மறுநாளே டெஸ்ட் பாக்கக் கோமுகி டேம் பக்கம் போறேன், பிரேக் இல்ல. முன்னால ஒயரு அறுத்து ஒரே ஒரு இழையில தொங்குது. பின்னால நட்டக் காணோம். நெல்லு வயல்ல பூந்ததால பொழைச்சேன். நேத்து வந்து பாக்கறேன், கொட்டாய் கீத்துல மண்ணெண்ண துணி, பாதி எரிஞ்சி அவிஞ்சி கெடக்குது.” மேலே கருகியிருந்த கீற்றைக் காட்டினான். “மூணாவது வாட்டி தப்ப மாட்டேன்க்கா.”

கொளஞ்சியப்பன் பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டான். அவன் முகத்திலும் விளையாட்டு இல்லை. ஜெயம்மாள் பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கொளஞ்சி, வீரமுத்துவ ஒருத்தன் மலையில முடிச்சிட்டான்னு வச்சிக்க. ஆளு ரயிலேறிட்டான்னு ஊரு நம்பணும்னா வண்டி ஸ்டேஷன்ல நிக்கணும். ஓட்டிக்கினு வரான். பெட்ரோல் இல்ல, தங்கிட்ட இருந்தத ஊத்தறான். வழியில வண்டி செத்துப்போவுது. தள்ளிக்கினு போயி ஸ்டேஷன்ல சாத்தறான். ஏன் செத்துச்சின்னு அவன் யாரக் கேப்பான்?”

“மெக்கானிக்க.”

“எப்பிடிடா கேப்பான்? ‘ஐயா, நான் கொன்னுட்டு வந்த ஆளோட வண்டி’ன்னா?”

கொளஞ்சியப்பன் மெல்ல வாயைத் திறந்தான். “அப்போ அவனுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது!”

“தெரியாது. பங்க்ல அவங்களே கலந்து ஊத்தறாங்க, பாக்கறவனுக்குப் புரியாது. தெரியாதவன் அதே தப்ப மறுபடி பண்ணுவான். எங்கண்ணு முன்னால பண்ணணும்.”

“யாரு, செல்லமுத்துவா? அண்ணனுக்கும் தம்பிக்கும் கெணத்துத் தகராறு இருந்திச்சின்னு மாயவன்தான் நேத்து உங்க வூட்டுக்கே வந்து சொன்னாரே. ஆளும் புல்லட்டுதான் ஓட்டறாரு.”

“அதான் நானும் நெனைக்கிறேன். நாளைக்கி மரவள்ளி வாங்க மலைக்குப் போறாராம். நடுவழியில நாம பெட்ரோல் இல்லாம நிப்போம்.”

“நான் வரல!” என்றான் உமர்.

“நீ வரவேணாம். அடிவாரச் செக்போஸ்ட்ல ஏட்டு தனசேகரன் இருப்பாரு. அவரு பக்கத்துலயே ஒக்காந்திரு. பிரேக்க சரி பண்ணிட்டு, பாதி மலை ஏறற அளவுக்கு மட்டும் பெட்ரோல் போடு. ஆயில் பாட்டில் எதுவும் வண்டியில இருக்கக்கூடாது. பாத்தா உஷாராயிடுவான். திரும்பறப்ப நாங்க பஸ்ல வந்துடறோம்.”

பஸ் என்று சொன்னது சுலபமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மலைப்பாதையில், மூங்கில் புதர் கவிந்த ஒரு வளைவில், ஜாவா இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. நின்றதும் காடு முழுக்க அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் முழங்கால் உயரக் கல்கட்டை, அதற்கப்பால் வெறும் காற்று.

“உமரு சொன்ன எடத்துலயே நின்னுடிச்சி. நம்ம கவர்மெண்ட் பஸ்ஸுகூட இவ்ளோ கரெக்டா நிக்காது.” கொளஞ்சியப்பன் பேசியது பயத்தை மறைக்க. “கிக்கரும் கியரும் ஒரே கம்பி இதுல. ஒதைக்கிறதா, மாத்தறதான்னு காலுக்கே கொழப்பம். யக்கா, அந்த ஆளு வந்து பெட்ரோல் ஊத்திட்டான்னா நாம இன்னா பண்றது?”

“நன்றி சொல்லணும்.”

“கொலகாரனுக்கா?”

“சிரிச்ச மூஞ்சியா சொல்லணும். தெரிஞ்சதா காட்டிக்கக் கூடாது.”

கீழேயிருந்து தட தடவென்று புல்லட் சத்தம் ஏறி வந்தது. வளைவு வளைவாக மறைந்து மறைந்து, ஒவ்வொரு முறையும் இன்னும் பக்கத்தில் கேட்டது. ஜெயம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

செல்லமுத்து வண்டியை நிறுத்தினார். கனத்த உடம்பு, சிவந்த கண். தம்பியின் வண்டியைப் புதுப் பெயிண்டில் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“இன்னா, நின்னுபோச்சா?”

“பெட்ரோல் தீந்துடிச்சிண்ணே,” என்றான் கொளஞ்சியப்பன். குரல் கீச்சென்று வந்தது. “புல்லட்லேர்ந்து கொஞ்சம் புடிச்சிக் குடுத்தீங்கன்னா...”

“குடுக்கலாம். ஆயில் வச்சிருக்கியா?”

கொளஞ்சியப்பன் ஜெயம்மாளைப் பார்த்தான்.

“இன்னாப்பா முழிக்கிற? ஆயில் கலக்காம இதுல ஊத்தினா எஞ்சின் போயிடும். தம்பி இத வாங்கின புதுசுல எங்கிட்ட நூறு வாட்டி சொல்லியிருக்கான், ‘அண்ணே, நீ எடுத்துக்கினு போனா பாத்து ஊத்து’ன்னு.” அவர் டேங்கை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். “இங்கயே இருங்க. வெள்ளிமலையில கடையில கெடைக்கும். வாங்கியாறேன்.”

புல்லட் மேலே போய் மறைந்தது.

“அக்கா,” என்றான் கொளஞ்சியப்பன், “கொலகாரன் பாஸாயிட்டான்.”

“அவரு கொலகாரன் இல்லடா.”

“அப்போ யாரு?”

ஜெயம்மாள் புல்லட் போன திசையைப் பார்த்தாள். அண்ணன் தம்பித் தகராறைக் கேட்காமலே வீடு தேடி வந்து சொன்ன ஆள் யார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டீக்கடையில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் ஆயில் வாங்கப் போயிருக்கிறார்.

மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது.

“அடடே, ஜெயம்மாக்காவா! இன்னா இப்பிடி நடுக்காட்டுல?”

மாயவன் சிரித்துக்கொண்டே குதித்தான். கச்சிராயபாளையத்துக்காரன். பழைய பெட்ரோல் ஜீப்பை மலைக்கும் கீழுக்கும் ஓட்டிப் பிழைப்பவன். ஜீப்பின் பின்னால் சாமை மூட்டைகள். அவன் கிட்டே வந்ததும் ஒரு வாசனையும் கூடவே வந்தது. கல்யாண வீட்டு வாசலில் வருமே, அந்த வாசனை. சாமையில் சந்தனம் மணக்குமா?

“பெட்ரோல் தீந்துபோச்சிப்பா,” என்றாள் ஜெயம்மாள்.

“இவ்ளோதானா? எங்கிட்ட கேன்ல இருக்குது.”

கேனை எடுத்தான். ஜாவாவின் டேங்க் மூடியைத் திறந்தான். கொளஞ்சியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேள், ஆயில் எங்கே என்று கேள், என்று ஜெயம்மாள் மனசுக்குள் கெஞ்சினாள்.

மாயவன் கேட்கவில்லை. கேனைச் சரித்தான். வெறும் பெட்ரோல் களக் களக்கென்று டேங்குக்குள் இறங்கிற்று.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றான் கொளஞ்சியப்பன், சிரித்த மூஞ்சியாக. அழுவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“முன்னால போங்க. தொணைக்கி நான் பின்னாலயே வரேன்.”

“இல்லப்பா, நாங்க பஸ்ஸுக்கு...”

“வண்டி ரெடியா இருக்கறப்ப பஸ்ஸு எதுக்குக்கா?” மாயவன் சிரிப்பை விடவில்லை. “ஏறுங்க.”

ஏறினார்கள். வேறு வழியில்லை. ஜாவா உயிர் பெற்று, வந்த வழியே கீழே திரும்பிற்று. பின்னால் ஜீப் கனைத்தது.

“அக்கா, இந்த எஞ்சின் எத்தினி தூரம் தாங்கும்?”

“கொஞ்ச தூரம்னுதான் உமரு சொன்னான்.”

“எறக்கத்துல, வளைவுல, திடீர்னு புடிச்சிக்கினா சக்கரம் நின்னுடும். நாம நிக்கமாட்டோம். பின்னால அந்த ஆளு வேற.”

கண்ணாடியில் ஜீப்பின் மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒரு வளைவு தாண்டிற்று. இன்னொன்றும் தாண்டிற்று. எஞ்சின் சத்தத்தில் எங்கோ ஒரு கரகரப்பு கேட்டது. நிஜமா, பயத்தில் கேட்டதா தெரியவில்லை.

“கொளஞ்சி, ஒம் பையில அந்த பாட்டிலு இருக்குதா?”

“எந்த பாட்டிலு?”

“முடி மொளைக்கிற பாட்டிலு.”

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. “யக்கா!”

“நான் வாந்தி வருதுன்னு எறங்கறேன். அவன் என்னப் பாத்துக்கினு இருக்கறப்ப நீ டேங்கப் பாத்துக்க.”

அடுத்த வளைவில் அவள் கொளஞ்சியப்பனின் தோளைத் தட்டினாள். வண்டி நின்றது. ஜெயம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிக் கல்கட்டை ஓரம் குனிந்தாள். கீழே பார்த்ததும் வாந்தி நிஜமாகவே வந்துவிடும் போலிருந்தது. மரங்களின் உச்சி தெரிந்தது. அடி தெரியவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். அருகில் வந்து நின்றது.

“அக்கா, இந்த எடத்துல நிக்காதீங்க,” என்றான் மாயவன். குரல் தணிந்திருந்தது. “இங்க வுழுந்தா எலும்புகூட கெடைக்காது. தேடவும் மாட்டாங்க.”

ஜெயம்மாள் கல்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். எப்படித் தெரியும் என்று நாக்கு நுனிவரை வந்த கேள்வியை விழுங்கினாள்.

“தல சுத்துதுப்பா. கொஞ்சம் இரு.”

“இருக்கேன்.” அவன் நகரவில்லை. கையில் ஜீப்பின் சக்கரம் கழற்றும் இரும்பு. எப்போது எடுத்தான்? “ஒண்ணு கேக்கணும். உமரு எஞ்சினத் தெறந்ததும் தெரிஞ்சிதுன்னானே. எப்பிடித் தெரிஞ்சிதாம்? உங்ககிட்ட சொன்னானா?”

இதற்கு என்ன பதில் சொன்னாலும் உயிர் அந்தப் பதிலில் தொங்கும் என்பது ஜெயம்மாளுக்குத் தெரிந்தது. கோர்ட்டில் அவள் பார்த்த நல்ல பொய்கள் எல்லாம் முக்கால்வாசி உண்மையாகவே இருந்தன.

“எங்க சொன்னான்?” அலுத்துக்கொண்டாள். “எத்தினி வாட்டி கேட்டும் வாயத் தெறக்கல. சொன்னா வண்டி வெல போயிடுமாம். பழைய வண்டி விக்கிறவன் வாயி. நெறைய அளந்திருப்பான்னுதான் எனக்கே தோணுது. செல்லமுத்துவ மடக்கலாம்னு வந்தேன், அவரும் மேல போய்ட்டாரு. வீண் அலைச்சல்.”

மாயவன் அவள் முகத்தையே பார்த்தான். இரும்பு அவன் கையில் ஒருமுறை உருண்டது.

அந்தப் பக்கம் கொளஞ்சியப்பன் உரக்கப் பேசினான்: “அக்கா, சூடு தலைக்கேறிடிச்சி. நான் எண்ண வச்சிக்கிறேன்!” பாட்டில் மூடி கழன்ற சத்தம். பிறகு அவன் எதற்கோ வண்டியை இடமும் வலமுமாகப் போட்டு ஆட்டினான்.

மாயவன் திரும்பினான். “இன்னா பண்றான் அவன்?”

“ஸ்டாண்டு எறங்கலண்ணே!” உச்சந்தலையில் எண்ணெய் வழிய, கொளஞ்சியப்பன் பல்லைக் காட்டினான்.

அப்போது கீழே ஹாரன் கேட்டது. மலைக்கு ஏறும் பஸ். முக்கி முனகி வளைவைத் திரும்பி, ஜன்னல் எல்லாம் முகங்களாக, அவர்களைத் தாண்டிப் போயிற்று. டிரைவர் மாயவனைப் பார்த்துக் கையசைத்தார். மாயவனும் இரும்பு பிடித்த கையைத் தாழ்த்திக்கொண்டு, மறு கையை அசைத்தான்.

இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள். “போலாம்க்கா,” என்றான்.

அதற்கப்புறம் அடிவாரம் வரை ஜெயம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. ஜாவா பின்னால் அடுப்பு ஊதியதுபோல் புகை கக்கிற்று. விளக்கெண்ணெய் காயும் நெடி. ஆனால் எஞ்சின் ஓடிற்று. ஒவ்வொரு வளைவிலும், இப்போது நின்றுவிடும், இப்போது நின்றுவிடும் என்று நினைத்தாள். நிற்கவில்லை. ஜீப்பும் நிற்கவில்லை.

செக்போஸ்ட்டில் சங்கிலி போட்டிருந்தது. மாயவன் ஹாரன் அடித்தான். மர நிழலில் உமரும் ஏட்டு தனசேகரனும் எழுந்து வந்தார்கள். ஏட்டு மஃப்டியில், போலீஸ் என்று தெரியாதபடி வேட்டி சட்டையில் இருந்தார்.

ஜெயம்மாள் இறங்கி, உமரிடம் போய், அவன் முழங்கையைப் பிடித்தாள். ஏட்டுக்கும் கேட்கும்படி, உதடு அசையாமல் சொன்னாள்: “செல்லமுத்து இல்ல. பின்னால வரவன். திரும்பிப் பாக்காத.”

உமர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். “நான்... நான் ஓடிப்போயிடறேன்க்கா.”

“ஓடினா நாளைக்கும் ஓடணும். ஏட்டு வண்டி வாங்க வந்தவரு. நீ விக்கிறவன். ஒனக்குப் பழக்கமான பொய்யச் சொல்லு. இந்த வண்டி வழியில நின்னதே இல்லன்னு சொல்லு. சத்தமா சொல்லு.”

“எதுக்குக்கா?”

“சொல்லுடா.”

மாயவன் ஜீப்பிலிருந்து இறங்கிச் சங்கிலிப் பக்கம் வந்தான். தன்னை இரண்டு முறை கொல்லப் பார்த்தவன் ஒரு கைத் தூரத்தில் நிற்க, உமர் பாரூக் ஜாவாவின் டேங்கில் கையை ஊன்றிக்கொண்டான்.

“பாத்தீங்களாய்யா,” என்றான் ஏட்டைப் பார்த்து. முதல் சொல் காற்றாகத்தான் வந்தது. “மலையிலேர்ந்து எப்பிடி எறங்கிச்சி பாத்தீங்களா? சிங்கிள் ஓனரு. தங்கமான மனுஷன் ஓட்டினது.”

“எஞ்சின்ல கை வச்சிருக்கியா?” என்றார் தனசேகரன், நன்றாகவே நடித்து.

“பெயிண்ட் மட்டும்தான்யா அடிச்சேன்.” தொழில் வாய் மெல்லத் திறந்துகொண்டது. “இந்த வண்டி வழியில நின்னதா கதையே கெடையாது. அந்த மனுஷன் ஊர வுட்டுப் போன அன்னிக்கிகூட வெள்ளிமலையில ஏறி ஒக்காந்தவரு சின்னசேலம் ஸ்டேஷன் வாசல்லதான் கால ஊனியிருக்காரு. நடுவுல ஒரு எடத்துல நிக்கல!”

“ஒரு எடத்துலகூட?”

“ஒரு எடத்துலகூட. சத்தியம் மட்டும் கேக்காதீங்க.”

மாயவன் வாய்விட்டுச் சிரித்தான். யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று இப்போதுதான் அவனுக்கு மனசு லேசாகியிருந்தது.

“டேய் உமரு, இன்னா புளுகுடா இது! ஸ்டேஷன் வரைக்கும் ஓடிச்சாம். கரும்புக் கொல்லைகிட்டயே பொணமாட்டம் நின்னுபோச்சி. அங்கேருந்து தள்ளினவனுக்கு இல்ல தெரியும், தோளு...”

சிரிப்பு பாதியில் நின்றது.

காட்டுக்குருவி ஒன்று எங்கோ கத்திற்று. கொளஞ்சியப்பன் சங்கிலியைத் தாண்டி வந்து ஜீப் பக்கம் நின்றுகொண்டான்.

“வண்டி நின்னது, பிஸ்டனப் பாத்த எங்களுக்குத் தெரியும்,” என்றாள் ஜெயம்மாள். “ஊருல மத்த யாருக்கும் தெரியாது. கமலாவுக்கே தெரியாது. எந்த எடத்துல நின்னுச்சின்னு ஒனக்குத் தெரியுது மாயவா.”

ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். கொளஞ்சியப்பன் மூட்டைகளைப் புரட்டினான். சாமைக்கு அடியில் துண்டு துண்டாகச் சந்தனக்கட்டை. வீரமுத்து அன்றைக்கு எதைப் பார்த்துவிட்டார் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிற்று.

மாயவன் திமிறவில்லை. ஏட்டைப் பார்க்கவில்லை, சந்தனத்தைப் பார்க்கவில்லை. புகை அடங்கி நின்ற ஜாவாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னிக்கும் நாந்தானே ஊத்தினேன்,” என்றான், தனக்குத்தானே பேசுவதுபோல். “அதே கேனு. அதே பெட்ரோலு. இன்னிக்கி ஓடிச்சி. அன்னிக்கி ஏன் நின்னுச்சி?”

மலைப்பாதையில் தட தட சத்தம் இறங்கி வந்தது. செல்லமுத்து புல்லட்டை நிறுத்தினார். கையில் ஒரு பாட்டில், நிறைய ஆயில்.

“ஆயில் வாங்கியாறேன், இருங்கன்னு சொன்னா, அதுக்குள்ள எங்க போய்ட்டீங்க?” என்றவர் எல்லார் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டார். “இன்னா ஆச்சி?”

உமர் அந்தப் பாட்டிலை வாங்கி மாயவன் கண்ணெதிரே தூக்கிப் பிடித்தான். கை நடுங்கவில்லை.

“இது இல்லாமதான் நின்னுச்சி. வெறும் பெட்ரோல ஊத்தி சீஸ் பண்ணிட்ட.”

வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வார்த்தையை நாலு பேர் நடுவில் சொன்னான்.

ஏட்டு மாயவனை ஜீப்பில் ஏற்றினார். ஜெயம்மாள் செல்லமுத்துவைத் தனியே அழைத்துப்போய், மேலே எந்த வளைவு, எந்தக் கல்கட்டை என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். தோள்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு தம்பியின் வண்டியிடம் வந்தார்.

“உமரு, இத நான் ஓட்டிக்கினு போவட்டா? நைனார்பாளையம் வரைக்கும்தான்.”

“ஓட்டிக்கினு போங்கண்ணே. கமலாக்காகிட்ட இன்னா சொல்லப்போறீங்க?”

செல்லமுத்து பாட்டிலிலிருந்து ஆயிலை அளந்து டேங்குக்குள் விட்டார். மூடியைத் திருகினார்.

“அவன் ரயிலேறலன்னு.”